துசாவின் சிறுவாடு

ஐராவதி நதிக்கரைக் கிராமம் ஒன்றில் துசா என்ற பெண் வாழ்ந்தாள். அவள் கணவன் நல்லவன். குடி, சூது எதுவும் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம்தான் உண்டு. மண்ணைப் பொன்னாக்கும் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற பைத்தியம். விடிந்ததும் அடுப்பை மூட்டினால் இரவுவரை எதையாவது காய்ச்சுவான், உருக்குவான், ஊதுவான். வீட்டிலிருந்த காசெல்லாம் கரியாகவும் புகையாகவும் போய்க்கொண்டிருந்தது. அரிசிப் பானை காலியான ஒரு நாள், துசா தன் தகப்பனாரிடம் போய் நின்றாள்.

பெரியவர் மருமகனைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டு விழும் என்று பயந்துகொண்டே வந்தவனுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. "மாப்பிள்ளை, இளம் வயதில் எனக்கும் இதே கிறுக்குத்தான். ரகசியம் முழுவதும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு சரக்குதான் கிடைக்கவில்லை. அதைத் தேடி அலைய இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை" என்றார் அவர்.

என்ன சரக்கு? வாழை இலையின் அடிப்பக்கத்தில் திருநீறு பூசியதுபோல வெள்ளையாக ஒரு பூச்சு இருக்குமே, அதுதான். அதைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். ஒரு பிடி, இரண்டு பிடி போதாது. ஒரு பெரிய பானை நிறைய வேண்டும். ஊரார் தோட்டத்து வாழையும் உதவாது. சொந்தக் கையால் நட்டு, சொந்தக் கையால் தண்ணீர் ஊற்றிய வாழையாக இருந்தால்தான் மருந்து பலிக்கும். நிலத்தைத் திருத்தவும் கன்று வாங்கவும் வேண்டிய பணத்தைக் கடனாகத் தருகிறேன் என்றார் மாமனார்.

மருமகன் காட்டைத் திருத்தினான். கன்று நட்டான். களை பறித்தான். ஒவ்வொரு இலையாகத் தடவித் தடவிச் சுரண்டினான். ஒரு தோட்டத்தில் ஒரு சிட்டிகைதான் தேறியது. மேலும் நிலம் திருத்தினான், மேலும் வாழை வைத்தான். வருடங்கள் ஓடின. கடைசியில் பானை நிறைந்தது. ஓட்டமும் நடையுமாக மாமனார் வீட்டுக்குப் போனான்.

பெரியவர் பானையை வாங்கி ஓரமாக வைத்தார். மகளைப் பார்த்தார். "இத்தனை வருடமாக இவர் இலையைச் சுரண்டிக்கொண்டிருந்தாரே, தாரில் இருந்த பழங்களை என்ன செய்தாய், அம்மா?"

"சந்தைக்குக் கொண்டுபோய் விற்றேன், அப்பா."

"பணம்?"

துசா உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். தங்கக் காசுகள் பாயில் சிதறி உருண்டன. பெரியவர் தோட்டத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து காசுகளின் பக்கத்தில் வைத்தார். "பாருங்கள் மாப்பிள்ளை, மண்ணைப் பொன்னாக்கிவிட்டீர்கள்" என்றார்.

பர்மா என்று நேற்றுவரை அழைக்கப்பட்ட மியான்மரின் நாட்டுப்புறக் கதை இது. பல நாட்டுக் குழந்தைகள் புத்தகங்களில் சின்னச் சின்ன மாறுதல்களோடு இடம்பிடித்திருக்கிறது. பர்மியர்களுக்கு ரசவாதி புதியவன் அல்ல. அவர்களது பொம்மலாட்ட மேடையில் சிவப்பு உடையும் கையில் கோலுமாகத் துள்ளிக் குதிக்கும் ஜாவ்ஜி ஒரு ரசவாத சித்தன். பாதரசத்தைக் கட்டி, தாமிரத்தைத் தங்கமாக்கும் சித்தர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கும் அவன் அன்னியன் அல்ல. அந்த மயக்கத்தின் தலையில் ஒரு குட்டு வைக்கிறது கதை. குறுக்கு வழி இல்லை, உழைப்பே பொன் என்பது நீதி. ஆசிரியர்களும் பெற்றோர்களும் அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் கதைக்குள் உழைப்பாளியைத் தவிர வேறு சிலரும் இருப்பது தெரியும். முதல் போட்ட மாமனார் இருக்கிறார். அவர் மகளின் நலம் விரும்புபவர். வட்டி கேட்கவில்லை, பத்திரம் எழுதி வாங்கவில்லை, தோட்டத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. பழத்துக்கு நியாயமான விலை கொடுத்த சந்தை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாரை வெட்டி, சுமந்து, விற்று, வந்த காசைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்த துசா இருக்கிறாள். கணவன் சேர்த்தது ஒரு பானைத் தூள். தங்கம் சேர்த்தது அவள். தமிழ்நாட்டுப் பெண்களிடம் இதற்கு ஒரு சொல் உண்டு: சிறுவாடு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைக்கும் காசு. அந்தச் சிறுவாடு இல்லாவிட்டால் கதையின் முடிவில் பெரியவர் கையில் வெறும் மண்தான் இருந்திருக்கும்.

மும்பையின் தாராவியில் இந்தக் கதையைச் சொல்கிறவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார். உழைப்பின் அருமையை அங்கே உள்ள குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது உழைப்பின் நடுவில்தான் தூங்குகிறது. உழைப்பின் சத்தத்தில்தான் விழிக்கிறது. மாலையில் கிரைண்டர் ஓடும். இரவெல்லாம் மாவு புளிக்கும். ஊர் உறங்கும்போதே தமிழ்க் குடும்பங்களில் இட்லிக் கொப்பரைகள் ஏறிவிடும். விடிவதற்குள் ஈடு ஈடாக அவித்து எடுத்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சட்னியை வாளியில் ஊற்றி, தலையிலோ சைக்கிளிலோ ஏற்றி, பாம் பாம் என்று ரப்பர் ஹாரனை அடித்தபடி மும்பையின் தெருக்களுக்குப் பிரிந்துபோவார்கள் இட்லிக்காரர்கள். அடுத்த சந்தில் தோல் பை தைக்கிறார்கள். அதற்கடுத்த சந்தில் பழைய பிளாஸ்டிக்கை நிறம் பிரித்து அரைக்கிறார்கள். கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்களின் சூளை புகைகிறது. மாடியில் தையல் மெஷின், கீழே அடுப்பு, இரண்டுக்கும் நடுவில் ஏணி. இரண்டு சதுர கிலோமீட்டரை ஒட்டிய பரப்பில் லட்சக்கணக்கானோர் இப்படி வாழ்கிறார்கள்.

உழைப்பே பொன் என்று சொல்லி முடித்ததும் அந்தக் குழந்தைக்கு நியாயமாக ஒரு கேள்வி எழும். எங்கள் வீட்டில் தாத்தாவும் உழைத்தார், அப்பாவும் உழைக்கிறார், அம்மாவும் உழைக்கிறார். பொன் எங்கே?

கேள்வி சுலபமானதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி ரயிலேறியவர்கள் தாராவித் தமிழர்களில் ஏராளம். தோல் பதனிட வந்தார்கள். உப்பும் சுண்ணாம்பும் ஊறிய தோலை மிதித்தும் சுரண்டியும் கைகால் வெந்தவர்கள். 1971இல் மாட்டிறைச்சிக் கூடம் பாந்த்ராவிலிருந்து தேவ்நாருக்கு மாறியது. பதனிடும் தொழில் மெல்லத் தாராவியை விட்டு நகர்ந்தது. பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் தொழில் தங்கியது. ஆனால் கூலி அன்றும் பீஸ் கணக்கு, இன்றும் பீஸ் கணக்கு. ஒரு பைக்கு இவ்வளவு, ஒரு காஜாவுக்கு இவ்வளவு. காய்ச்சல் வந்து படுத்தால் அன்று கூலி இல்லை. கல்யாணம் வந்தால் கந்து வட்டி. பை ஏதோ ஒரு கம்பெனியின் முத்திரையோடு கண்ணாடிக் கடையில் உட்காரும்போது அதன் விலைக்கும் தைத்தவர் வாங்கிய கூலிக்கும் இருக்கும் தூரத்தை அவர் அறியமாட்டார். இலையைச் சுரண்டுபவர் இங்கே இருக்கிறார். பழத்தை விற்பவர் வேறு எங்கோ இருக்கிறார்.

இந்தக் கதை பிறந்த மண்ணின் சரித்திரமும் இதையேதான் சொல்கிறது. அந்தச் சரித்திரத்தில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. ஐராவதி டெல்டாவின் சதுப்பையும் காட்டையும் திருத்தி, உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதிப் பிரதேசங்களில் ஒன்றாக்கியவர்கள் பர்மிய விவசாயிகள். கதையில் வரும் மருமகனைப்போலவே மண்ணைப் பொன்னாக்கியவர்கள். முதல் போட்டவர்களில் முக்கியமானவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனை அடைக்க முடியாத விவசாயிகளின் நிலம் அடமானம் மூலம் கைமாறியது. நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவிகித நிலம் செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதிக்குள் அது 25 சதவிகிதத்தை எட்டியது. இதைத் திட்டமிட்ட சதி என்று சொல்லிவிட முடியாது. நெல்லாகவும் பணமாகவும் திரும்ப வேண்டிய கடன், நிலமாகத் திரும்பி வந்ததில் நகரத்தாருக்கும் பெரிய மகிழ்ச்சி இருக்கவில்லை. ஆனால் விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது ஒன்றுதான். அவன் உழைப்பில் குறை இல்லை; விலை விழுந்த அன்று அவன் வீட்டில் துசாவின் மூட்டை இல்லை.

முதல் போட்டவர்களுக்கும் பொன் நிலைக்கவில்லை. ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் மூட்டை தூக்கிய தென்னிந்தியக் கூலிகளுக்கு அது தொடக்கம் முதலே இல்லை. மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தை அடைப்பதற்கே ஆயுள் போதவில்லை. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். வழியிலேயே மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1962இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் வியாபாரங்களைத் தேசியமயமாக்கியதும், 1964 முதல் மிச்சமிருந்தவர்களும் கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் மிச்சம் வைத்த அடையாளம்.

மும்பைக்குத் திரும்பினால், தாராவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாட்டுங்கா. அங்கே வேறு தமிழர்கள். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு வந்தவர்கள். ஒரு அறையில் நாலைந்து பேர் படுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, கூட்டம் பிதுங்கும் லோக்கல் ரயிலில் தொங்கிப் போய் ஆபீஸ்களில் தட்டச்சு மெஷினோடு மல்லுக்கட்டியவர்கள். அவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மார்க்கெட்டில் வாழை இலை கட்டுக்கட்டாக விற்கும் மாட்டுங்காவில், 1942இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி போர்டிங் இன்றும் இலை போட்டுச் சோறு பரிமாறுகிறது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அமைந்தது. 1952இல் சண்முகானந்த சபை பிறந்தது. அந்தத் தட்டச்சர்களின் பேரப் பிள்ளைகள் இன்று கலிபோர்னியாவிலும் இருப்பார்கள்.

மாட்டுங்காவின் உழைப்பு பொன்னானது ஏன்? புறப்படும்போதே கையில் இருந்த கல்வி ஒரு காரணம். அந்தக் கல்வி தலைமுறை தலைமுறையாகச் சில சாதிகளுக்கே திறந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படாதது. மாட்டுங்காவாசிக்கு மாதச் சம்பளம் இருந்தது. சம்பளச் சீட்டில் அவர் பெயர் இருந்தது. 1952இன் சட்டப்படி வருங்கால வைப்பு நிதி பிடித்தார்கள். அவர் பங்குக்கு நிகராக முதலாளியும் போட வேண்டும். இன்றைய பொது விகிதம் தலைக்கு 12 சதவிகிதம். தொட நினைத்தாலும் சுலபத்தில் தொட முடியாத பணம் அது. ஓய்வுபெறும் நாளில் மூட்டை அவிழும். மகள் கல்யாணத்துக்கும் செம்பூரில் ஒரு பிளாட்டுக்கும் அதிலிருந்துதான் முதல் தவணை. துசா செய்த வேலையை மாட்டுங்காவில் சட்டமே செய்தது. அந்தச் சட்டம் பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். தாராவியின் சந்துகளில் ஆறு பேரும் எட்டுப் பேரும் வேலை செய்யும் பட்டறைகளுக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்க்காத இடத்தில் துசாவின் வேலையை யார் செய்வது? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர் ஒரு தமிழர். பெயரே அற்புதம். தங்கத்துக்குப் பெயர்போன கோலார் தங்க வயலில் 1946இல் பிறந்த ஜோக்கின் அற்புதம், 1960களில் தச்சு வேலை தெரிந்த இளைஞராகப் பம்பாய்க்கு வந்தார். செம்பூரைத் தாண்டி, டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியில் தங்கினார். சுமார் 70,000 பேர் வாழ்ந்த குடிசைப் பகுதி அது. குப்பை அள்ள மாநகராட்சி வராது. அற்புதம் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார். பாட்டு, விளையாட்டு என்று ஆரம்பித்த கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. ஒருநாள் ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து ஊர்வலமாகக் கூட்டிப்போய், மாநகராட்சி அலுவலகத்தின் எதிரிலேயே கொட்டச் செய்தார். குழந்தைகளுக்கு உழைப்பின் அருமையைப் போதித்த விதங்களில் இதைவிடச் சுவையானது இருக்க முடியாது. ஆளுக்கு ஒரு பொட்டலம்தான். ஆனால் எங்கே, யார் முன்னால் கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்துவிட்டால் குப்பைக்கும் விலை வருகிறது.

அந்தக் காலனி நிலைக்கவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம் ஜனதா காலனி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் சீட்டா கேம்ப்புக்குத் துரத்தப்பட்டார்கள். சதுப்பும் புதருமான இடத்தில் மறுபடி முதல் செங்கல்லிலிருந்து தொடக்கம். ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரு நாளில் மண்ணாகும் என்பதைக் கண்ணால் பார்த்த அற்புதம், அதற்குப் பின் தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனத்தை வளர்ப்பதிலேயே காலம் கழித்தார். 1984இல் 'ஸ்பார்க்' அமைப்பு பிறந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று தீர்ப்பளித்தபோது, நடைபாதைக் குடும்பங்களை வீடு வீடாக எண்ணிக் கணக்கெடுத்து வெளியிட்டது அந்த அமைப்பு. எங்கேயோ இருந்து வந்து உட்கார்ந்துகொண்டவர்கள் என்று பேசப்பட்டவர்கள் எத்தனை வருடமாக இங்கே உழைக்கிறார்கள் என்பதற்குக் காகிதச் சாட்சி கிடைத்தது. அடுத்த ஆண்டு பைகுல்லாவின் நடைபாதைப் பெண்கள் 'மகிளா மிலன்' தொடங்கினார்கள்.

மகிளா மிலன் செய்தது துசாவின் வேலைதான். ஒரு பெண் தினமும் தன் சந்தில் வீடு வீடாகப் போவாள். ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ, இருப்பதை வாங்கிக் கணக்கில் ஏற்றுவாள். இல்லாதவளிடம் ஏன் இல்லை என்று விசாரிப்பாள். குழந்தைக்குக் காய்ச்சல், கணவனுக்கு வேலை போயிற்று என்று காரணம் வரும். சேமிப்பிலிருந்தே சின்னக் கடன் கொடுப்பார்கள். வட்டிக்காரன் வாசலுக்கு வர வேண்டியதில்லை. காசு சேர்க்கும் சாக்கில் மனிதர்களைச் சேர்ப்பதுதான் இதன் நோக்கம் என்பது அற்புதத்தின் கட்சி. வங்கி மேலாளரிடமும் மாநகராட்சி அதிகாரியிடமும் பேசும்போது பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தால் குரல் தானாக நிமிரும். 2000இல் அற்புதத்துக்கு மகசேசே விருது வந்தது, 2011இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் மும்பையில் அவர் காலமானபோது, இந்தச் சேமிப்புக் குழுக்களின் முறை ஆப்பிரிக்கக் குடிசைப் பகுதிகள்வரை பரவியிருந்தது.

தாராவித் தமிழ்ப் பெண்களுக்குச் சேமிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலச் சீட்டு அங்கே சந்துக்குச் சந்து நடக்கிறது. சீட்டுப் பணத்தில் மகள் காதில் கம்மல் ஏறியிருக்கிறது, மகன் டிப்ளமா படித்திருக்கிறான், தகரக் கூரை கான்கிரீட் ஆகியிருக்கிறது. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனால் அதுவும் போச்சு என்ற ஆபத்தோடுதான் இத்தனையும்.

இப்போது தாராவியின் முன்னால் இருக்கும் மூட்டை சீட்டுப் பணத்தைவிடப் பன்மடங்கு பெரியது. ரசவாதி கனவு கண்டதைத் தாராவி நிஜமாகவே செய்திருக்கிறது. அந்த இடம் ஒரு காலத்தில் மாகிம் கழிமுகத்தின் சதுப்பு. கோலி மீனவர்களைத் தவிர யாருக்கும் வேண்டாத சேறு. வந்தவர்கள் கல்லும் மண்ணும் நகரத்தின் குப்பையும் கொட்டி, கூடை கூடையாக மேடாக்கினார்கள். அரசாங்கம் கொடுத்த நிலம் என்பதைவிட அவர்கள் உண்டாக்கிய நிலம் என்பதே பொருந்தும். இன்று மித்தி நதிக்கு அக்கரையில் பாந்த்ரா-குர்லா வளாகம். வங்கிகளும் வைரச் சந்தையும் கண்ணாடிக் கோபுரங்களும். இக்கரையில் இருக்கும் சேறு பொன் விலைக்கு வந்துவிட்டது. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் அதானி குழுமம் ரூ. 5,069 கோடிக்கு ஏலம் கேட்டு வென்றது. 2024இல் வீடு வீடாக எண் போட்டு அளக்கும் வேலை தொடங்கியது.

எல்லோருக்கும் வீடு என்கிறது திட்டம். எங்கே, எந்த நிபந்தனையில் என்பதில்தான் சிக்கல். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகக் காகிதம் காட்டுகிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னால் வந்தவர்களுக்கும் ஏணி ஏறி மாடியில் வாழ்கிறவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டியோ தவணையிலோ வாடகையிலோ. மாடியில் தைத்தவனும் கீழே அவித்தவளும் ஒரே மண்ணைத்தான் பொன்னாக்கினார்கள் என்பதற்கு இந்த விதியில் இடமில்லை. வீட்டை ஒட்டியே தொழில் செய்கிறவர்களுக்கு வேறு கவலை. பதினைந்தாவது மாடியில் இட்லிக் கொப்பரையை எங்கே வைப்பது? தோலை எங்கே உலர்த்துவது? கழிப்பறையும் தண்ணீரும் காற்றும் உள்ள வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மூட்டையைப் பிரிக்கும்போது காசைச் சேர்த்தவர்களும் பாயில் உட்கார வேண்டும் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் குழந்தைகளுக்கு இந்தப் பர்மியக் கதையைச் சொல்லக் கூடாதா? அவசியம் சொல்ல வேண்டும். ஆனால் உழைப்பின் பெருமையைக் குழந்தையின் தலையில் சுமையாக ஏற்றாமல் சொல்ல வேண்டும். 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று சொன்ன அதே திருத்தம், பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பட்டறையே வீடாகவும் வீடே பட்டறையாகவும் இருக்கும் தாராவியில் அந்தக் கதவு மிக அகலமானது. உழைத்தால் உயரலாம் என்ற வாசகத்தைக் காட்டி ஒரு பையனைப் பட்டறையில் உட்கார வைப்பது சுலபம். வாழை ஒருமுறைதான் தார் போடும். தார் போட்ட மரத்தை வெட்டிவிடுவார்கள். பக்கத்தில் முளைத்த கன்று அடுத்த தாரைப் போடும். வாழையடி வாழை என்பது அதைத்தான். கன்றிலேயே இலை அறுத்தவன் தாரைப் பார்க்கமாட்டான்.

தமிழ், மராத்தி, உருது என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிற மும்பை மாநகராட்சியின் வகுப்பறை ஒன்றில் இந்தக் கதை சொல்லப்படுமானால், முடிவில் நீதி கேட்பதோடு நிறுத்தாமல் கணக்கும் கேட்கலாம். மாமனார் கொடுத்த கடன் எவ்வளவு? அதற்கு வட்டி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு தார் என்ன விலைக்குப் போயிருக்கும்? சந்தை விலை பாதியாக விழுந்திருந்தால் மூட்டையில் என்ன மிஞ்சும்? துசா ஒரு வருடம் காய்ச்சலில் படுத்திருந்தால்? தோட்டம் யார் பெயரில் இருக்கிறது? இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த குழந்தை நாளைக்குப் பீஸ் கூலியை எண்ணிப் பார்க்கும், கைநாட்டு வைப்பதற்கு முன் காகிதத்தைப் படிக்கும், சர்வேக்காரர் வந்து கதவில் எண் எழுதும்போது அது என்ன எண் என்று கேட்கும்.

உழைப்பைப் பற்றி அந்தக் குழந்தைக்குத் தெரியாதது எதுவும் கதையில் இல்லை. சந்தையைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் இருக்கிறது. பெரியவர் கடைசியில் மாப்பிள்ளையைத்தான் பாராட்டினார். அந்தப் பாராட்டில் பாதியாவது துசாவுக்குப் போயிருக்க வேண்டும்.